எங்களைப் பற்றி எழுதியவரை நாங்கள் வாசித்தோமா?

ஒவ்வொரு வருடமும் பிற்பகுதியில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் தமிழர்!" ஊர்ச் சங்கக் குழுவில் வரும், பழைய மாணவர் குழுவில் வரும், பிறகு மச்சான் தனியாகவும் ஒருக்கால் அனுப்புவார். நானும் கைதட்டுகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். அந்தத் தமிழர் எதை ஆராய்ந்தார், அது யாருக்குப் பயன்பட்டது என்று நானோ குழுவில் வேறு எவருமோ கேட்டதாக ஞாபகம் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, அது போதும்.

போன வருடம் இதே விடயம் வேறு வாசலால் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சிட்னியில் பிறந்து வளர்ந்த என் மகள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். போரும் உளநலமும் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. ஓர் இரவு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள்.

"அப்பா, தயா சோமசுந்தரம் எண்டு ஒருத்தர். யாழ்ப்பாணமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"பெயர் தெரியும் பிள்ளை. கம்பஸ்ஸில படிப்பிச்சவர். மனநல டொக்டர்."

"அவர் எழுதினது ஏதும் வாசிச்சனீங்களோ?"

இல்லை என்றேன். "அப்ப, இவர் பெரிய ஆளோ?" என்று கேட்டாள். அவருடைய கட்டுரைகளுக்கு நேரே கூகுள் ஸ்கொலர் காட்டிய எண்களைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். அந்த வாசிப்பிலிருந்து எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆய்வாளன் இல்லை. ஆஸ்பத்திரிகளிலும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் தமிழருக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே இருந்து பேச்சை மொழிபெயர்ப்பவன். ஆனால் இந்த மருத்துவர் எழுதியது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான்.

எண் எப்படி வருகிறது?

ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை இன்று பல்கலைக்கழகங்கள் மேற்கோள்களை வைத்து அளக்கின்றன. ஒருவர் எழுதிய கட்டுரையை வேறொருவர் தன் கட்டுரையில் சுட்டினால் அது ஒரு மேற்கோள். 2005 இல் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்துத் தடவையாவது மேற்கோளாகியிருந்தால் உங்கள் எண் 10. நாற்பது கட்டுரைகள் நாற்பது தடவையாவது என்றால் 40. இதற்கு எச்-குறியீடு என்று பெயர். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று பலவும் இதைப் பார்த்தே முடிவாகின்றன. நாங்கள் வட்ஸ்அப்பில் பகிர்கிற பட்டியலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் அயோனிடிஸும் அவருடைய சகாக்களும் எல்செவியர் நிறுவனத்தின் தரவுகளிலிருந்து மேற்கோள்களை எண்ணித் தயாரிப்பது அது.

எண்ணுவது பிழையில்லை. ஆனால் எங்கே நின்று எண்ணுகிறோம் என்பது முக்கியம். 2001 இல் விக்ரம் பட்டேலும் இலங்கை மனநல மருத்துவரான அத்துல சுமதிபாலவும் ஆறு முன்னணி மனநல மருத்துவ சஞ்சிகைகளை எடுத்து, அவற்றில் வந்த ஆய்வுகள் எந்த நாடுகளிலிருந்து வந்தவை என்று பார்த்தார்கள். உலக மக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகளிலிருந்து வந்தவை வெறும் 6 சதவீதம். மேற்கோள் எண்ணிக்கை என்ற ஓட்டப்பந்தயத்தில் எங்கள் ஊர்க்காரர் எந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறார் என்று இதிலிருந்தே தெரியும்.

ஜாம் போத்தல் விளக்கும் பிரிட்டிஷ் சஞ்சிகையும்

தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். வடக்கில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில் அங்கே வேலை செய்தவர். பின்னர் கம்போடியாவிலும் பணியாற்றினார். அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளாகி வந்த அகதிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

1994 இல் அவரும் டொக்டர் சிவயோகனும் பிரிட்டிஷ் மனநல மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போருக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்களிடம் நடத்திய ஆய்வு அது. கேட்கப்பட்டவர்களில் போரின் எந்த நெருக்கீடும் தங்களைத் தொடவில்லை என்றவர்கள் 6 சதவீதம் மட்டுமே. 64 சதவீதமானோரிடம் உளசமூகப் பாதிப்புகள் இருந்தன. மனவடு நோய் 27 சதவீதம். உள்ளத்தின் வலி உடம்பின் வலியாக வெளிப்படுவது 41 சதவீதம்.

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்குத் தடை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரியைப் போட்டுத்தான் நாங்கள் சோதனைக்குப் படித்தோம். மேலே பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம். அந்த ஊரில் இருந்துகொண்டு வீடு வீடாகக் கேள்வி கேட்டு, கணக்குப் போட்டு, லண்டன் சஞ்சிகை ஏற்கும் தரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதை எந்தக் குறியீடும் கணக்கில் எடுப்பதில்லை. வசதியான ஆய்வுகூடத்தில் எழுதியதும் ஒரு கட்டுரை, இதுவும் ஒரு கட்டுரை.

அதற்குப் பிறகு 1998 இல் இலங்கைத் தமிழர் மீது போரின் உளத் தாக்கம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வந்தது. 2002 இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் சிறுவர் போராளிகள் பற்றி எழுதினார். பிள்ளைகள் ஏன் சேர்கிறார்கள், எந்தச் சூழல் அவர்களைத் தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று கேட்ட கட்டுரை. 2014 இல் இன்னொரு பெரிய நூல். இந்த இரண்டு நூல்களின் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் ஆய்வாளரின் பயணம் தெரிகிறது. முதலாவது வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. இரண்டாவது வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது.

மனத்திலிருந்து சமூகத்துக்கு

இந்த மாற்றம் நடந்த இடம் 2007 இல் அவர் எழுதிய 'கூட்டு மனவடு' பற்றிய கட்டுரை. என் மகளின் மேற்கோள் பட்டியலில் இருந்ததும் இதுதான். இது இலவசமாக எவரும் இணையத்தில் வாசிக்கக்கூடிய சஞ்சிகையில் வந்தது.

அதன் அடிப்படை வாதம் எளிமையானது. மேற்கத்திய மனநல மருத்துவம் ஒரு தனி ஆளை எதிரே கதிரையில் இருத்தி, உனக்கு என்ன நடந்தது என்று கேட்கிறது. ஆனால் நீண்ட போர் தனி ஆளை மட்டும் உடைப்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் அவை இயங்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. அவர் வடபகுதியில் போருக்கு முந்திய நிலையையும், போர்க்காலத்தையும், 2004 சுனாமிக்குப் பிந்திய நிலையையும் ஒப்பிட்டார். சுனாமி ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. ஆனாலும் சமூகத்தின் அடித்தளத்தை அது போர் மாற்றிய அளவுக்கு மாற்றவில்லை என்று அவர் கண்டார். போர் என்ன செய்தது? சமூகம் பிறரில் தங்கியிருக்கப் பழகியது, முன்முயற்சி இழந்தது, வாய் மூடியது, தலைமை இல்லாமல் போனது, ஒருவரையொருவர் நம்பாமல் சந்தேகப்படத் தொடங்கியது. பழைய அமைப்புகளும் ஒழுக்க நெறிகளும் சிதைந்தன. 

மகள் இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "அப்பா, இது எங்கட சங்கத்து மீட்டிங் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஒரு ஊர்ச் சங்கம் இரண்டாகி, இரண்டு நாலாகி, யார் யாருடைய ஆள் என்று காதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதை இருபது வருடமாக எங்கள் குணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "தமிழன் எண்டால் இப்பிடித்தான்" என்று நாங்களே சொல்லிக்கொள்வோமே, அதுபோல. அது எங்கள் இரத்தத்தில் இருந்து வந்ததல்ல, எங்களுக்கு நடந்ததிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னது இந்தக் கட்டுரை.

கேள்வி கேட்கவும் இடமுண்டு

எங்கள் ஆள் என்பதற்காக எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்கவேண்டியதில்லை. 2007 கட்டுரை எண்களால் ஆனதல்ல. உளசமூகப் பணிகளில் தானே ஈடுபட்டிருந்தபடி அவர் கண்டதும், களப் பணியாளர்களோடும் அதிகாரிகளோடும் பேசிக் கேட்டதும்தான் அதன் ஆதாரம். உள்ளேயிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அதிகம். தூரத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் சில கோணங்கள் கிடைக்காமலும் போகும்.

மற்றப் பக்கத்தில் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. போர் முடிந்த 2009 இல் யாழ் மாவட்டத்தில் 1517 வீடுகளை எடுத்துச் செய்தது. அதில் மனவடு நோய் 7 சதவீதம், மனச்சோர்வு 22.2, பதகளிப்பு 32.6. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மனவடு நோய் 13 சதவீதம். 1994 இன் 27 எங்கே, இந்த 7 எங்கே என்று கேட்கத் தோன்றும். காலம் வேறு, கேட்ட முறை வேறு, ஆட்கள் வேறு. ஆகவே ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. ஆளுக்கு ஆள் படிவம் நிரப்பும் ஆய்வு, ஓர் ஊர் ஒன்றையொன்று நம்புகிறதா என்று சொல்லாது. ஊரைப் பற்றிச் சொல்லும் ஆய்வு, எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்று சொல்லாது. இரண்டும் தேவை.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. 'கூட்டு மனவடு' என்று சொல்லி ஒரு சமூகத்தையே நோயாளி ஆக்கிவிடமாட்டார்களா? ஆனால் அதே ஆசிரியர் சிவயோகனுடன் 2013 இல் எழுதிய கட்டுரை சமூகம் மீண்டெழும் வலுவைப் பற்றியது. நோயின் பெயரோடு அவர் நிற்கவில்லை. 

அதிகம் மேற்கோளானால் அதிகம் உண்மையா?

இந்த இடத்தில் வேறொரு உளவியலாளரின் கதையையும் சொல்லவேண்டும். லண்டனில் இருந்த ஹான்ஸ் ஐசெங்க் 1997 இல் இறந்தபோது, வாழ்ந்துகொண்டிருந்த உளவியலாளர்களில் சஞ்சிகைகளில் மிக அதிகமாக மேற்கோளானவர் என்று அறியப்பட்டிருந்தார். மனிதரின் குணத்துக்கும் புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்தது. 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று 2019 இல் அது முடிவுசெய்தது. அடுத்தடுத்துப் பல கட்டுரைகளைச் சஞ்சிகைகள் மீளப் பெற்றுக்கொண்டன. இத்தனை வருடமும் அந்த மேற்கோள்கள் எல்லாம் அவருடைய எண்ணில் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

மேற்கோள் எண்ணிக்கை ஒருவருடைய சத்தம் எவ்வளவு தூரம் கேட்டது என்பதைச் சொல்லும். சொன்னது சரியா, கேட்கவேண்டியவருக்குக் கேட்டதா என்பதைச் சொல்லாது.

சோமசுந்தரம் தமிழில் 'மனவடு' என்ற நூலை எழுதினார். யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' நிறுவனத்தின் ஊடாகத் தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றிய நூலொன்றை சிவயோகனுடன் சேர்ந்து வெளியிட்டார். அடிமட்டப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் வேலையிலும் ஈடுபட்டார். ஒரு கிராமத்து முன்பள்ளி ஆசிரியை அதை வாசித்துவிட்டு, பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளையை வேறு விதமாகப் பார்த்திருந்தால் அது எந்தத் தரவுத்தளத்திலும் மேற்கோளாக ஏறாது. என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் முதல் வரியில் வரவேண்டியது அதுதான்.

நாங்கள் இழந்தது

நான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு காட்சி. ஆளை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயதான ஒரு அம்மா. நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது, பெருமூச்சு வருது என்கிறார். இதயத்தைப் பார்த்தாயிற்று, இரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. வைத்தியர் இளைஞர், நல்ல பிள்ளை. "நீங்கள் மனம் சோர்ந்து இருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "இல்லை தம்பி, மனமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் அடைக்குது" என்றார். அப்படியே சொன்னேன். வைத்தியர் அடுத்த நோயாளியிடம் போனார்.

மொழிபெயர்ப்பவன் சொன்னதை மட்டும்தான் சொல்லலாம், தன் கருத்தைச் சேர்க்கக்கூடாது. ஆனால் 41 சதவீதம் என்ற அந்த எண் 1994 இலிருந்தே அச்சில் இருக்கிறது. எங்கள் சனம் துக்கத்தை உடம்பால்தான் சொல்லும் என்று ஒரு பிரிட்டிஷ் சஞ்சிகையில் எழுதியாயிற்று. அந்த வைத்தியர் அதை வாசித்திருந்தால் கேள்வியை மாற்றிக் கேட்டிருப்பார். நான் வாசித்திருந்தால், அந்த அம்மாவின் மகளுக்காவது வாசலில் வைத்து, "குடும்ப வைத்தியரிட்ட இதைக் காட்டுங்கோ" என்று ஒரு தாளைக் கொடுத்திருப்பேன். அதற்கு எந்த விதியும் தடையில்லை. அவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

எங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இங்கேயும் உண்டு. டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் ஆகியோர் 1990களில் அவுஸ்திரேலியாவில் இருந்த தமிழர்களை ஆராய்ந்தார்கள்: தஞ்சம் கோரிக் காத்திருந்தவர்கள் 62 பேர், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் 30 பேர், சாதாரணமாகக் குடியேறியவர்கள் 104 பேர். ஊரில் பட்டது மட்டுமல்ல, இங்கே வந்தபின் விசாவுக்காகக் காத்திருப்பது, குடும்பத்தைப் பிரிந்திருப்பது, வேலை இல்லாதது ஆகியவையும் மனவடுவின் பாரத்தில் பங்கு சேர்க்கின்றன என்று அந்த ஆய்வுகள் காட்டின. இன்றும் விசா முடிவு வராமல் பத்து, பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கும் எங்கள் பெடியள் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பே ஒரு காயம் என்று சொல்லும் ஆதாரம் இருபத்தைந்து வருடமாக இருக்கிறது. அதில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன 196 பேரும் எங்கள் ஆட்கள். எங்கள் ஊர்வலப் பதாகைகளில் நான் அதைக் கண்டதில்லை.

ஏன் வாசிக்கவில்லை?

மொழி ஒரு காரணம். தாய் தகப்பனுக்கு ஆங்கிலக் கட்டுரை பாரம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தண்ணீர், ஆனால் அது தங்கள் வீட்டைப் பற்றியது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1990 இல் வந்த 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் சோமசுந்தரமும் ஒருவர். அரசையும் இந்திய இராணுவத்தையும் மட்டுமன்றி இயக்கங்களையும் விமர்சித்த நூல் அது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம, நூல் வெளிவருவதற்கு முன்பே, 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நூலைப் பற்றி எங்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இருக்கவும் தேவையில்லை. ஆனால் ஒருவருடைய ஒரு நூலோடு உடன்பாடு இல்லை என்பதற்காக, அவர் எங்கள் தாய்மாரின் நெஞ்சடைப்பைப் பற்றி எழுதியதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோம். "அவர் யாற்ற ஆள்?" என்று கேட்டுவிட்டு வாசிக்காமல் விடுவது, அவர் 2007 இல் எழுதிய அதே சந்தேகம்தான். நானும் அப்படி விட்டவன்தான். பெயர் தெரியும், வாசிக்கவில்லை என்று மகளிடம் சொன்னேனே, அதன் பின்னால் இருந்ததும் இதுதான்.

இனி என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் சங்கங்கள் பரிசளிப்பு விழா நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன. அந்த மலரில் வாழ்த்துச் செய்திகளுக்குக் கொடுக்கும் பக்கங்களில் நாலைந்தை இப்படியான கட்டுரைகளின் தமிழ்ச் சுருக்கத்துக்குக் கொடுக்கலாம். உளவியலோ மருத்துவமோ படிக்கும் எங்கள் பிள்ளைகள் சுருக்கட்டும், தமிழ் தெரிந்த பெரியவர்கள் மொழி பார்க்கட்டும். முதியோர் ஒன்றுகூடலில் யாராவது வாசித்துக் காட்டட்டும். குடும்ப வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோக ஒரு தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும். இதற்கு நிதி தேவையில்லை.

மகள் கட்டுரையை எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள். நாங்கள் இப்போது 2010 இல் அவர் வன்னியைப் பற்றி எழுதியதை வாசிக்கிறோம். முகாம்களில் இருந்தவர்களின் கதைகளும் கடிதங்களும் கவிதைகளும் படங்களும் அதற்கு ஆதாரம். சில பந்திகளை அவள் வாசிக்க நான் தமிழில் சொல்லுவேன், மனைவி கறி கிண்டிக்கொண்டே கேட்பாள். வன்னியில் அவளுடைய சித்தப்பா குடும்பம் இருந்தது. கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். "அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கா வாசி" என்றாள். மகள் திரும்ப வாசித்தாள்.